போறணைக் குருவியும் எங்கள் குசினியும்

நான் நேரில் பார்த்தே இராத ஒரு குருவியோடு எனக்குப் பகை. அது இருப்பது உலகத்தின் அந்தப் பக்கம், தென் அமெரிக்காவில். நான் இருப்பது இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே, திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அது என் வழிக்கு வந்ததில்லை, நானும் அதன் வழிக்குப் போனதில்லை. ஆனாலும் அதன் படத்தை எங்கேயாவது கண்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

அழகென்று சொல்ல அதனிடம் ஒன்றும் கிடையாது. மைனாவைவிடச் சின்னது. வாலில் கொஞ்சம் செம்மண் நிறம், மற்றபடி உடம்பெல்லாம் காய்ந்த இலையின் நிறம். நடை மட்டும் பெரிய நடை. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற கங்காணி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தரையில் நடக்கும். இதையெல்லாம் நான் பார்த்தது ஒரு கைபேசித் திரையில். அதைக் காட்டிய அம்மாளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எங்கள் அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் ஒரு பங்களாவில் சமையல் வேலை செய்கிறேன். முன்பு தோட்டத்து நிர்வாகியான பெரிய துரை குடியிருந்த பங்களா. இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கி, மூடுபனியைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டுப் போகிற விடுதி. அந்தக் குசினி எங்கள் லயத்துக் காம்பராக்கள் மூன்றைச் சேர்த்த அளவு இருக்கும். கூரைக்கு மேலே ஆளுயரத்துக்குப் புகைபோக்கி நிற்கும். எங்கள் காம்பராவில் நானும் அம்மாவும் மட்டும். ஒரே அறை. அதற்குள்தான் கட்டில், சாமிப்படம், அடுப்பு எல்லாம். நாங்கள் உள்ளே வருகிற கதவு வழியாகத்தான் புகையும் வெளியே போக வேண்டும். மழை நாளில் கதவைச் சாத்தினால் அதுவும் இல்லை.

அம்மா இந்தத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்தவள். வயது வந்ததும் பேர் வெட்டினார்கள். தோட்டத்துப் பதிவேட்டிலிருந்து ஆளை எடுப்பதற்கு எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பேர் வெட்டிய அடுத்த வருடமே அவளுக்கு இழுப்பு வந்தது. மூச்சு உள்ளே போகும், வெளியே வராது. டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுப்பெரிகிற அறையில் இவர் படுக்கவே கூடாது என்று துண்டு எழுதிக் கொடுத்தது. அடுப்பை வெளியே எடுக்காவிட்டால் கொஞ்ச நாளில் அம்மாவைத்தான் வெளியே எடுக்க வேண்டிவரும் என்று எனக்கு விளங்கிவிட்டது. கேஸ் வாங்கலாமே என்று கேட்கிற புத்திசாலிகள், சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் லயத்துப் படியில் ஒரு தடவை ஏறிப் பார்க்கட்டும். பிறகு பேசலாம்.

ஆகவே காம்பராவுக்குப் பின்னால் ஒரு குசினி கட்டினோம். மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்து மண், மாட்டுச் சாணம், வெட்டிப் போட்ட மானாப்புல், மேலே நாலு தகரம். எனக்கு லீவு கிடைத்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். மண்ணைக் குழைத்தது நான், உருட்டி வைத்தது அம்மா. சுவர் கோணல்தான். இருந்தாலும் புகை எங்கள் படுக்கைக்கு வராது.

ஆறாவது கிழமை கண்டாக்கையா வந்தார். பஸ் கண்டாக்கர் இல்லை, தோட்டத்தின் வெளிவேலைகளை மேற்பார்க்கிற உத்தியோகத்தர். கையில் அளக்கிற நாடா, பின்னால் மண்வெட்டியோடு இரண்டு ஆள். தோட்டத்துக் காணியில் துரையைக் கேட்காமல் ஒரு முளை அடிக்கவும் எங்களுக்கு உரிமை கிடையாது.

"யாரக் கேட்டுக் கட்டுன?" என்றார்.

"அம்மாவுக்கு இழுப்புங்க ஐயா. டாக்டரு துண்டு குடுத்திருக்காரு, பாருங்க."

"டாக்டரு தோட்டத்துக் காணியையும் சேத்து எழுதிக் குடுத்தாரா?"

அவ்வளவுதான். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளை அரை மணித்தியாலத்தில் உடைத்துப் போட்டார்கள். மண்வெட்டி பிடித்த இரண்டு பேரும் கீழ் லயத்து ஆட்கள், எங்களுக்குச் சொந்தமும்கூட. ஒருவரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கத்தினேன், சாபம் விட்டேன், தொண்டை கட்டிப் போயிற்று. அம்மா சட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓரமாய் நின்றாள். கண்டாக்கையாவுக்கு முன்னால் முப்பத்தெட்டு வருடம் மூடியே பழகிய வாய் அவளுக்கு. அன்றைக்கும் அது திறக்கவில்லை.

அடுத்த கிழமைதான் பங்களாவுக்கு அந்த அம்மாள் வந்தாள். அர்ஜென்டினாக்காரி, நரைத்த தலை, கழுத்தில் தூரதரிசினி. நம் மலைக் குருவிகளைப் பார்க்க அவ்வளவு தூரம் பறந்து வந்திருந்தாள். ஒரு பின்னேரம் தேநீர் குடித்துவிட்டு நேரே குசினிக்குள் வந்து, என் ஊர்க் குருவியைப் பார் என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கைபேசியை நீட்டினாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வர ஒரு சாக்கு இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

வேலிக் கம்பத்தின் மேல் ஒரு சோடிக் குருவி. ஒன்று அலகில் சேற்று உருண்டை கொண்டுவரும், வைக்கும், அழுத்தும். அது போனதும் மற்றது வரும். சேறு, சாணம், புல். எங்கள் கூட்டு அப்படியே. சுவர் எழும்பி, வளைந்து, மேலே மூடி, கடைசியில் பேக்கரியில் பாண் சுடுகிற போறணை அடுப்பு மாதிரி ஒரு மண்வீடு. அங்கேயும் அதைப் போறணைக்காரன் என்றுதான் சொல்வார்களாம். உள்ளே வளைவாக ஒரு தடுப்புச் சுவர் வேறு. வாசலிலிருந்து பார்த்தால் உள்ளறை தெரியாது, காற்றும் நுழையாது. எங்கள் காம்பராவில் இல்லாத தடுப்பு.

அம்மாள் விடவில்லை. அந்தக் குருவியின் சொந்தக்காரர்களை எல்லாம் வரிசையாகக் காட்டினாள். எல்லாமே மங்கல் நிறம், எல்லாமே வீடு கட்டுகிற சாதி. ஒன்று மேட்டில் சுரங்கம் தோண்டிக் குடியிருக்கும். ஒன்றுக்கு வால் நுனி முள் மாதிரி, முள்ளுக் குச்சிகளாலேயே கூடு கட்டும். இன்னொன்று தன்னைவிட நீளமான சுள்ளியை இழுத்துக்கொண்டு போய் மரத்தில் ஒரு பெரிய விறகுக் கட்டே ஏற்றிவிடும். அதற்கு அந்த ஊரில் விறகு பொறுக்கி என்று பெயராம். நான் பிறந்த நாள் முதல் என் தாய் விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்க்க ஒருவரும் கழுத்தில் தூரதரிசினி மாட்டிக்கொண்டு வந்ததில்லை.

"யாரும் வந்து உடைக்க மாட்டார்களா?" என்று கேட்டேன்.

அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. ஏன் உடைக்க வேண்டும் என்றாள். லைட் கம்பத்தில் கட்டினால்கூட, திருத்த வருகிறவர்கள் பார்த்து விலகி வேலை செய்வார்களாம். அதை உடைத்தால் கெடுதி வரும், இடி விழும் என்று கிராமத்து ஆட்கள் சொல்வார்களாம். அந்தக் குருவி ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாது என்றும் ஒரு பேச்சு உண்டாம். லீவு வேறு! நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். செல்லமாய் இருக்கிறது இல்லையா என்று அவள் கேட்டாள். "யெஸ் மேடம்" என்றேன். நாசமாய்ப் போக என்று மனதுக்குள் சொன்னேன். அந்த அம்மாள் நல்லவள்தான், அவளால் எனக்கு ஒரு கெடுதியும் இல்லை. ஆனாலும் சொன்னேன், ஏன் மறைக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து கொட்டித் தீர்த்தேன். "ஒரு குருவிக்கு இருக்கிற மதிப்பு நமக்கு இருக்கா? அதுவும் சாணியும் சேறும் தானே? அதுக்கு யாரு அனுமதி குடுத்தா? அத ஒடைக்க ஆளில்லையே!" அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒடைச்சா இடி விழும்னு சொல்லுதாங்களா, அந்த ஊரு ஆளுங்க?"

"ஆமா."

"அப்ப அவுங்க நல்லவங்கன்னு சொல்லாதடி. பயந்தவங்க."

அடுத்த ஞாயிறு மறுபடியும் மண் குழைத்தோம். சுவர் இடுப்பளவு வந்ததும் அம்மா ஆற்றுக்குப் போய், முந்தானையில் சுற்றி ஒரு கல் கொண்டுவந்தாள். கழுவினாள், மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், குசினியின் மேற்கு மூலையில் நட்டு ஒரு செவ்வந்திப்பூ செருகினாள். அதற்கு நாலடி தள்ளி அடுப்பு. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னா சாமிம்மா இது?" என்றேன். "நமக்குக் காவல் நிக்கிற சாமி. போதும்," என்றாள். அடுத்து வந்த ஞாயிறுகளில் சுவரை முடித்துத் தகரமும் போட்டோம்.

கண்டாக்கையா வந்தார். அதே நாடா, அதே ஆட்கள். ஒரு காலை உள்ளே வைத்தவர் மூலையைப் பார்த்தார். வைத்த காலை எடுத்தார். பிறகு வெளியே போய் பூட்ஸைக் கழற்றினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், இடது காலுறையில் பெருவிரலடியில் ஒரு ஓட்டை.

"இது எப்ப வந்துச்சு?"

"அதுவா வந்துச்சுங்க ஐயா," என்றாள் அம்மா, தலையைக் குனிந்துகொண்டு.

கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். இருபத்திரண்டு நாள் அவள் இழுப்பு இல்லாமல் தூங்கினாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் செய்த பிழை ஒன்றே ஒன்று. கல்லுக்கு ஒரு பேர் சொல்லாமல் விட்டாள். முனியாண்டி என்று சொல்லியிருக்கலாம். முனியாண்டிக்குச் சேவலும் சாராயமும் சுருட்டுமே படைக்கிறோம், கருவாட்டு வாசத்துக்கு அவர் முகம் சுளித்திருக்கவே மாட்டார். இதைத் தோட்டத்தில் பால்குடிப் பிள்ளையும் சொல்லும். எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நாங்கள் சும்மா இருக்க, பக்கத்துக் காம்பரா சித்திக்குக் கனவு வந்தது. சிவப்புச் சேலை கட்டி மாரியம்மா வந்து, நான் உன் வாசலுக்கே வந்திட்டேன் என்று சொன்னாளாம்.

வெள்ளிக்கிழமை எட்டுப் பெண்கள் விளக்கோடு வந்தார்கள். அடுத்த வெள்ளி இருபது பேர். சூலம் வந்தது, மணி வந்தது. மணி கண்டாக்கையா வீட்டு உபயம். மூன்றாவது வெள்ளி சித்தி என் அம்மாவின் கையைப் பிடித்து, மெதுவாக, மரியாதையாக, எங்கள் அடுப்புக் கல் மூன்றையும் தூக்கி வெளியே வைத்தாள்.

"இது எங்க குசினி சித்தி!" என்று கத்தினேன்.

"அடியே, வாயக் கழுவு! ஆத்தா இருக்கிற எடத்தப் போயி குசினிங்கிற? நீங்க கருவாடு வதக்குன பாவத்துக்கே நாங்க பரிகாரம் செஞ்சுக்கிட்டு இருக்கோம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் என்ன சொல்ல? அந்தக் கல் ஆற்றில் பொறுக்கியது, காவலுக்கு நட்டது என்று சொன்னால் மறுநாளே கண்டாக்கையா மண்வெட்டியோடு வருவார். சொல்லாவிட்டால் ஆத்தாவே எடுத்துக்கொள்வாள். எடுத்துக்கொண்டாள். சுவருக்கு வெள்ளையடித்துச் சிவப்புப் பட்டை போட்டார்கள். அடுப்பு மறுபடியும் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தது. மூன்றே நாளில் அம்மாவுக்கு இழுப்பும் வந்தது. வெளியே பூசை மணி அடிக்கும்போது உள்ளே என் தாய் மூச்சுக்கு அடித்துக்கொண்டு கிடந்தாள். அந்த நாட்களில் லயத்தில் ஒரு முகத்தையும் எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. சித்தி கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலை அவள் கண் முன்னாலேயே கோழிக்கு வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, ஊருக்குப் போகும்போது என் இலக்கத்தை வாங்கிப் போயிருந்த அர்ஜென்டினாக்காரியிடமிருந்து என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. போன வருடத்து மண்வீட்டின் வாசலில் ஒரு மஞ்சள் குருவி உட்கார்ந்திருக்கிறது. வேறு சாதி, சும்மா வந்து குடியேறியது. கட்டினவை இரண்டும் அந்த வீட்டின் தலைமேலேயே புது வீட்டுக்கு மண் வைத்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் இப்படித்தான், அவை வருத்தப்படுவதே இல்லை என்று எழுதியிருந்தாள். கைபேசியைக் கட்டிலில் வீசினேன். வருத்தப்படாதாம்! வேலிக் கம்பம் யாருடையது என்று கேட்க அதற்கு ஆளில்லை. நாடா பிடிக்கிற கண்டாக்கு இல்லை. கனவு காண்கிற சித்தி இல்லை. எனக்கும் சிறகு இருந்தால் நானும் வருத்தப்பட மாட்டேன். பொறுமையைப் போய் என்னிடம் போதிக்க வந்துவிட்டது, அந்தச் சாணிக் குருவி.

அம்மா கைபேசியை எடுத்தாள். மூச்சு வாங்க வாங்க அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒட்டுனாப்ல வச்சுல்ல கட்டுது," என்றாள்.

"கட்டட்டும். நமக்கென்ன?"

"ஆத்தாவுக்குப் பொங்கல் வைக்க மடப்பள்ளி வேணாமாடி?"

கைபேசியை வாங்கி அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தேன். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

கோயிலின் பின்சுவரோடு ஒட்டி, வாசல் எங்கள் காம்பராவைப் பார்க்கிற மாதிரி, மூன்றாவது குசினி எழும்பியது. மடப்பள்ளி என்றதும் லயமே வந்து கைகொடுத்தது. எங்கள் அடுப்பைத் தூக்கி வெளியே வைத்த அதே சித்தி, தலையில் மண் சுமந்து வந்தாள். நான் ஒரு நன்றியும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அங்கே பொங்கல். மற்ற ஆறு நாளும் எங்கள் சோறும் குழம்பும். சித்தி மூக்கைச் சுளித்தாள். ஆனால் மடப்பள்ளி அடுப்பை அணையவிடாமல் பார்க்க அம்மாவை விட்டால் ஆளில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

கண்டாக்கையாவும் வந்தார். வாசலில் நின்று மூச்சை இழுத்தார். அடுப்பில் நெத்தலிக் கருவாடு.

"இது என்னா?"

"மடப்பள்ளிங்க ஐயா," என்றாள் அம்மா.

சட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கோயில் சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரைத் தொடாமல் இந்தச் சுவரை உடைக்க முடியாது. நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அம்மா மறுபடியும் தூங்கத் தொடங்கினாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் அந்தக் குருவியை மன்னித்திருப்பேன்.

சில மாதம் கழித்து, தோட்டங்களில் உள்ள கோயில்களை அளந்து அடையாளம் போடச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒரு காலையில் கண்டாக்கையாவோடு சிங்களச் சர்வேயர் ஒருவர் வந்தார், கறாரான ஆள், ஆனால் மரியாதையானவர். கோயிலைச் சுற்றி நாலு மூலையில் முளை அடித்தார்கள். மடப்பள்ளியும் அதற்குள் வந்தது. சர்வேயர் படத்தில் கோடு கிழித்து இலக்கம் எழுதினார். இந்த நாலு முளைக்குள் இருப்பது இனிக் கோயில் காணி, தோட்டம்கூடக் கை வைக்க முடியாது என்று கண்டாக்கையா எங்களுக்கு விளக்கினார். குரலில் ஒரு பெருமை. மணி கொடுத்தவர் அல்லவா?

"அப்ப எங்க காம்பரா?" என்று கேட்டேன். முளையிலிருந்து எங்கள் காம்பராச் சுவருக்குப் பத்தடிகூட இல்லை.

"அது தோட்டத்துக்குச் சொந்தம். ஒங்க வீட்டுல யாருக்கும் பேர் இல்லையே, அம்மா பேர வெட்டியாச்சு. கேட்டா நீங்க காம்பராவ விட்டு எழும்பித்தான் குடுக்கணும்." கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார்.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். கையில் அகப்பை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கண்டாக்கையாவுக்கு நேர் எதிரே வந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் அப்படி ஒரு கண்டாக்கையா முகத்தைப் பார்த்து நான் கண்டதே இல்லை.

"ஐயா," என்றாள், "ஆத்தா இந்தத் தோட்டத்துல எத்தன வருசம் கொழுந்து எடுத்தாங்க?"

கண்டாக்கையா நாடாவைச் சுற்றத் தொடங்கினார். சுற்றி முடித்த பிறகும் சுற்றினார். கோயில் வாசலில் நின்ற சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா பதிலுக்குக் காத்திருந்தாள். மூச்சு இழுக்கவில்லை, நெஞ்சு சீராக ஏறி இறங்கியது.

அந்தப் பெரியம்மா என்ன கேட்கிறார் என்று சர்வேயர் சிங்களத்தில் கண்டாக்கையாவிடம் கேட்டார். ஒன்றுமில்லை, சும்மா பேசுகிறார் என்றார் அவர்.

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். படம் விரித்திருந்த பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று, அம்மா கேட்டதை ஒரு சொல் விடாமல், அவள் கொழுந்து எடுத்த முப்பத்தெட்டு வருடத்தையும் சேர்த்து, அவருக்குச் சொன்னேன். அவர் பேனையை மூடிவிட்டு என் அம்மாவைப் பார்த்தார்.